ஈந்தும் பேரீந்தும்: ஒரு மதுவின் இரு மரங்கள்

கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில் (1076–1126) விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு மிதாக்ஷரா என்னும் உரையை எழுதினார். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துரிமை வழக்குகளால் அந்நூலின் பெயரை இன்றைய வழக்கறிஞர்களும் அறிவர். பாகப்பிரிவினைக்குப் புகழ்பெற்ற அதே நூலில், பாவங்களுக்கான கழுவாய்களைப் பேசும் பகுதியில், மதுவகைகளின் பட்டியல் ஒன்று உண்டு. புலஸ்தியர் கூறியதாக விஞ்ஞானேசுவரர் எடுத்துக்காட்டும் அப்பட்டியலில் பலா, திராட்சை, இலுப்பை, கர்ஜூரம், பனை, கரும்பு, தேன், தென்னை முதலியவற்றிலிருந்து பிறக்கும் பதினொரு மதுக்கள் வருகின்றன. பன்னிரண்டாவதாக வருவது மாவிலிருந்து ஆகும் சுரை. எல்லாவற்றிலும் இழிந்தது அதுவே என்கிறது நூல். சுரை மூன்று மேல்வருணத்தாருக்கும் விலக்கு. மற்றவை பிராமணருக்கு மட்டுமே விலக்கு. ஆகவே நான்காவது இடத்தில் நிற்கும் கர்ஜூர மதுவை அரசனும் வணிகனும் அருந்துவதில் சாத்திரத் தடை ஏதும் இல்லை.

இதில் விடைபெறாத வினா ஒன்று இருக்கிறது. கர்ஜூர மது எதனால் ஆனது? பழத்தாலா, மரத்தின் சாற்றாலா? பட்டியலின் வரிசை நமக்கு உதவவில்லை. கர்ஜூரத்துக்கு முன்னே பலாவும் திராட்சையும் இலுப்பையும் நிற்கின்றன. அவை பழமும் பூவும். பின்னே பனை நிற்கிறது, அது சாறு. உரைகாரருக்கு இது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் விளக்கவில்லை போலும். எல்லோருக்கும் தெரிந்ததை எவரும் எழுதிவைப்பதில்லை என்பது மது வரலாற்றில் மட்டும் நேரும் இடர் அன்று.

குழப்பத்துக்குக் காரணம், இந்தியாவில் ஒரே பெயருக்குள் இரண்டு மரங்கள் ஒளிந்திருப்பதே. ஒன்று இம்மண்ணில் தானாக வளரும் ஈச்சமரம். தாவரவியலார் ஃபீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸ் என்பர். பஞ்சாபிலிருந்து வங்கம் வரையிலும், குஜராத்திலிருந்து தெலங்கானா வரையிலும் வயல் வரப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் அது நிற்கிறது. அதன் பழம் சிறியது, சதை மெலிந்தது. அதன் செல்வமெல்லாம் தண்டில் ஊறும் இனிப்புச் சாறு. மற்றொன்று அரேபியாவும் ஈராக்கும் வளர்க்கும் பேரீச்சை. அதன் செல்வம் பழம். மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பேணி வளர்த்த அம்மரத்தைச் சாற்றுக்காகக் கீறுவது கறக்கும் பசுவை அறுப்பதற்கு ஒப்பாகும்.

வடமொழி இரண்டையும் கர்ஜூரம் என்றே அழைத்து, வேண்டும்போது மட்டும் அயல்நாட்டுப் பழத்தைப் பிண்டகர்ஜூரம் என்று பிரித்துக் காட்டும். தமிழ் இதில் இன்னும் நேர்மையானது. ஈந்து, ஈச்சு என்பது உள்ளூர் மரம். கப்பலில் வந்தது பேரீந்து, பேரீச்சு. ‘பெரிய’ என்ற அடைமொழியே எது முன்னது, எது பின்னது என்பதைச் சொல்லிவிடுகிறது. கன்னடத்தில் ஈச்சல், தெலுங்கில் ஈத. மலையாளத்திலும் துளுவிலும் இதன் இனச்சொற்கள் உண்டு. நடுத் திராவிட மொழிகளுக்குப் போனால் இச்சொல்லின் முன்னே ஒரு மெய்யெழுத்து முளைத்து நிற்கிறது: கோலாமியில் சிந்தி, கோண்டியின் சில வழக்குகளிலும் சிந்தி. சிறகு இறகான வழியிலேயே தெற்கில் ஈந்தும் தன் முதல் சகரத்தை இழந்திருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. மராத்தியில் ஈச்சமரத்துக்குப் பெயர் ஷிந்தி. ஹைதராபாத்தில் நிஜாம் ஆட்சியில் அரசுக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்த ஈச்சங்கள்ளின் பெயர் சேந்தி. மராத்தியனின் ஷிந்தியும் ஹைதராபாத்தியின் சேந்தியும் தமிழனின் ஈந்தும் ஒரே வேரினவாகத் தோன்றுகின்றன. மரத்துக்குப் பெயரிட்டவர்கள் அதன் அடியில் வாழ்ந்தவர்கள். கர்ஜூரம் என்று ஏட்டில் எழுதியவர்கள் அல்லர்.

மருத்துவ நூல்கள் தரும் சான்று சாத்திரத்தைவிடத் தெளிவானது. சரக சம்ஹிதை, ஊறவைத்துப் புளிக்கச்செய்த ஆசவங்கள் 84 என எண்ணுகிறது. அவற்றுள் பழத்தால் ஆனவை 26. திராட்சையை அடுத்துக் கர்ஜூரம் அப்பழவரிசையில்தான் நிற்கிறது. ஆக, சரகரின் கர்ஜூர மது பழ மது. பதினாறாம் நூற்றாண்டின் பாவபிரகாசமோ கர்ஜூர வகைகளைப் பிரித்து, பிண்டகர்ஜூரம் மேற்குத் தேசத்தில் விளைவது என்று சொல்லிவிட்டு, மரத்தின் நீரைத் தனியே எடுத்துப் பேசுகிறது: அது மதத்தையும் பித்தத்தையும் தரும், வாத கபங்களைத் தணிக்கும், பசியைத் தூண்டும், வலுவூட்டும். மருத்துவனின் நிதானத்தோடு எழுதப்பட்ட இக்குறிப்பு, ஈச்சங்கள்ளைக் குடித்துப் பார்த்தவர் எவரோ அருகில் இருந்ததைக் காட்டுகிறது.

பழமும் தொன்றுதொட்டே வந்துகொண்டிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய செங்கடல் வழிகாட்டியான பெரிப்ளூஸ், பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து பாரிகாசாவுக்கு முத்தும் மதுவும் பெருமளவு பேரீச்சையும் செல்வதாகக் குறிக்கிறது. பாரிகாசா என்பது இன்றைய பரூச். அங்கிருந்து தெற்கே சூரத் வரையிலும், அதற்கு அப்பாலும் விரியும் கடற்கரைச் சமவெளியில் ஈச்சமரம் அடர்ந்து நின்றது. ஈந்தும் பேரீந்தும் சந்தித்த இடம் என்று ஒரு நிலத்தைச் சுட்ட வேண்டுமானால் அது தென்குஜராத்தே. இக்கதையின் பிற்பகுதியும் பெரிதும் அங்கேதான் நிகழ்கிறது.

அதற்குமுன் மரத்தைச் சற்றே நெருங்கிப் பார்க்க வேண்டும். பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவுவார்கள். மரத்தின் உடலுக்குக் காயமில்லை. ஈந்தில் தண்டையே சீவ வேண்டும். கொண்டைக்குக் கீழே ஒருபக்கத்து ஓலைகளைக் கழித்து, மென்மையான பகுதியைச் செதுக்கி, ஆப்புப்போல் ஒரு வெட்டு வைத்து, மூங்கில் குழலைச் செருகிப் பானையைக் கட்டுவார்கள். அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கம். இப்படி ஆண்டுக்கொரு வெட்டாக, இடமும் வலமுமாக ஏறிச்செல்லும் தழும்புகளால் மரம் கோணல்மாணலாக வளரும். தழும்புகளை எண்ணினால் எத்தனை ஆண்டு சாறு இறக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். வங்கத்தில் இவ்வேலை செய்வோரைக் காச்சி என்றும் சியுலி என்றும் அழைப்பர். குளிர்காலத்தில் மட்டுமே அங்கே சாறு இறங்கும். மரத்துக்குச் சில நாள் ஓய்வு தந்தபின் முதல் இரவில் வடிவது ‘ஜிரேன்’. நொலேன் குர் என்று வங்காளிகள் உயிரை விடும் வெல்லம் அச்சாற்றால் ஆவது. வெயிலேறியபின் பானையில் கிடக்கும் சாறு புளித்துத் தாடியாகும். தாடி என்பது பனையைக் குறிக்கும் தாலத்திலிருந்து வந்த சொல். ஆயினும் வட இந்தியா நெடுக ஈச்சங்கள்ளுக்கும் அதுவே பெயர். ஆங்கிலேயரின் ‘டோடி’ அதன் வழி வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெசோர் மாவட்டத்தின் கோட்சாந்த்பூர், கேசப்பூர் சந்தைகளில் ஈச்ச வெல்லம் மலைபோல் குவிந்தது. வெல்லத்தைக் கூடைகளில் இட்டு, மேலே நீர்ப்பாசியைப் பரப்பி, அதன் ஈரத்தால் அழுக்குப் பாகை மெல்ல மெல்லக் கீழே வடியவிட்டு வெண்சர்க்கரை எடுத்தார்கள். கரும்பின் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் ரம். ஈந்தின் பாகை வடித்தால் கிடைப்பது அதன் உடன்பிறப்பு.

வடித்தல் என்றதும் இன்னொரு சொல்லைச் சந்தித்தாக வேண்டும். அரபு மொழியில் ‘அரக்’ என்றால் வியர்வை. வடிகலத்தின் குளிர்ந்த உட்புறத்தில் ஆவி துளித்துளியாகத் திரள்வதைக் கண்டவர்களுக்கு வியர்வையே நினைவுக்கு வந்திருக்கிறது. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இச்சொல் முதலில் பேரீச்சை மரத்தின் சாற்றைக் குறித்தது என்றும், அதற்கு ‘அரக் அல் தமர்’ என்ற தொடர் சான்று என்றும் கூறுகிறது. இவ்விளக்கம் சற்றே தடுமாறுகிறது. அரபியில் தமர் என்பது உலர்ந்த பேரீச்சம்பழம். மரத்துக்கு நக்ல் என்று வேறு சொல் உண்டு. புளியைத் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்று அரேபியர் அழைத்ததும் பிசுபிசுத்த பழச்சதையைப் பார்த்துத்தான், மரத்தைப் பார்த்தன்று. ஆகவே ‘அரக் அல் தமர்’ என்பது பழத்தை ஊறவைத்து வடித்த சாராயமாகவே இருக்க வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அகராதியாளர்களின் கண்ணில் கள் இறக்கும் ஈந்துதான் நிறைந்திருந்தது போலும். மிதாக்ஷரா விட்டுச்சென்ற அதே குழப்பம், எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தீரவில்லை.

இந்தியாவில் வீட்டு வடிப்பு எவ்வளவு பழையது என்பதற்கு வலுவான சாட்சி, அதைத் தடுக்கப்போய்த் தோற்ற ஒரு மன்னரின் கதை. டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி (1296–1316) கிளர்ச்சிகளுக்கு அஞ்சி மதுவைத் தடைசெய்தார். தம் அரண்மனைக் கலங்களையே உடைத்தெறிந்தார். மக்கள் வீட்டுக்குள் சர்க்கரையை ஊறவைத்து வடித்தார்கள். வைக்கோலுக்கும் விறகுக்கும் நடுவே தோற்பைகளை ஒளித்து நகருக்குள் கொண்டுவந்தார்கள். கடைசியில் சுல்தான் இறங்கிவந்தார்: விற்கக்கூடாது, கூட்டம் கூடிக் குடிக்கக்கூடாது; தன் வீட்டில் தானே வடித்துத் தனியே குடிப்பவனை ஒற்றர்கள் தொந்தரவு செய்யமாட்டார்கள். இதை எழுதிவைத்தவர் வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி. அக்பர் காலத்து அயினி அக்பரியில் வடிப்புமுறையே விரிவாக வருகிறது: கரும்போடு வேலம்பட்டையை இடித்துச் சேர்த்து, சாடிகளில் நிரப்பி, குதிரைச் சாணம் சூழ மண்ணில் புதைத்தால் ஏழு முதல் பத்து நாளில் ஊறல் பொங்கும். தமிழ்நாட்டுக் கிழவர்கள் பட்டைச் சாராயம் என்று இன்றும் சொல்வதன் வடநாட்டு உறவு இது.

சுல்தான் நுழையத் துணியாத வீட்டுக்குள் நுழைந்தது வருவாய்த்துறை. பாரசீகத்தில் ‘நீர்வேலை’ எனப் பொருள்படும் ஆப்காரி என்ற சொல்லை ஆங்கில ஆட்சி மதுவரிக்குப் பெயராக வைத்துக்கொண்டது. 1878ஆம் ஆண்டின் பம்பாய் ஆப்காரிச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. இலுப்பைப்பூச் சாராயத்தைப் பெரிய வடிசாலைகளில், குறிப்பாக உரணில், ஒருங்கே குவித்து, உரிமம் இல்லாத வடிப்பையெல்லாம் குற்றமாக்கியது. கள்ளுக்கு மரவரி விதித்தது. பாளை சீவிய பனையில் தடயம் நிலைக்காது; ஈந்திலோ ஆண்டுதோறும் விழும் வெட்டு உடம்பிலேயே நிற்கும். கணக்குக் கேட்கும் அரசுக்கு அதைவிட வசதியான பேரேடு எங்கே கிடைக்கும்? மரங்கள் எண்ணப்பட்டன, குறியிடப்பட்டன. 1892இல் இலுப்பைப்பூவை வைத்திருப்பதையே கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது.

தென்குஜராத்தின் ஆதிவாசிகளுக்குக் கள் உணவு, சடங்கு, விருந்தோம்பல் என மூன்றுமாய் இருந்தது. தன் வயலோரத்து ஈந்தில் பானை கட்டுவதும், இலுப்பைப்பூவை வீட்டில் வடிப்பதும் அவர்கள் அறிந்தவரை எவருடைய அனுமதியும் வேண்டாத செயல்கள். சட்டம் வந்தபின் அவர்கள் அதே கள்ளை உரிமம் பெற்ற கடைக்காரரிடம், பெரும்பாலும் பார்சி வணிகர்களிடம், காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. காசில்லாதபோது கடன், கடனுக்கு உழைப்பு, ஈடாக நிலம். இவ்வட்டாரத்தை ஆராய்ந்த டேவிட் ஹார்டிமன் 1985இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘வழக்கத்திலிருந்து குற்றத்திற்கு’ என்று அதை இரண்டே சொல்லில் அடக்கிவிடுகிறது.

1922இன் இறுதியில் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. கடற்கரை மீனவக் குப்பங்களிலிருந்து ஒரு தேவி புறப்பட்டு மலையடிவாரங்களுக்கு வந்துகொண்டிருப்பதாகச் செய்தி பரவியது. அவள் பெயர் சலாபாய் என்றார்கள். ஊர்தோறும் பந்தலிட்டுக் கூடிய ஆதிவாசிகள்மீது அவள் இறங்கி ஆணையிட்டாள்: கள்ளையும் சாராயத்தையும் விடு, இறைச்சியை விடு, நாள்தோறும் குளி, பார்சிக் கடைக்காரனிடம் வேலைக்குப் போகாதே. கடைசி ஆணையில்தான் இயக்கத்தின் கூர்மை இருக்கிறது. தாமே செய்து குடித்த காலத்தில் பிறக்காத வெறுப்பு, வாங்கிக் குடிக்க வேண்டியபோது பிறந்திருக்கிறது. இதை வெறும் ஒழுக்கச் சீர்திருத்தமாக வாசிப்பது அம்மக்களின் அரசியல் அறிவைக் குறைத்து மதிப்பதாகும்.

எட்டு ஆண்டுகள் கழித்து 1930 ஏப்ரலில் தண்டியில் உப்பெடுத்த காந்தி, மே 5 அன்று கைதாகும் வரை பக்கத்துக் காரடியில் தங்கியிருந்தார். அந்நாட்களில் அவர் விடுத்த அறைகூவல்களுள் ஒன்று, கள் இறக்கும் ஈச்சமரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டும் என்பது. சூரத் மாவட்டத்தில் தொண்டர்கள் கோடரியோடு புறப்பட்டார்கள். அரசின் வருவாயை வேரோடு வெட்டும் செயல் என்ற அளவில் அதன் தருக்கம் பிழையற்றது. ஆனால் வரப்பில் விழுந்த மரம் வெல்லமும் பாயும் விறகும் துடைப்பமும் தந்த மரம். அதன் தழும்புகளில் ஒரு குடும்பத்தின் ஆண்டுகள் பதிந்திருந்தன. கள்ளை எதிர்க்க மரத்தைத் தண்டிக்க வேண்டுமா என்ற கேள்விக்குக் காந்தியத்துக்குள்ளேயே பின்னர் ஒரு விடை பிறந்தது: புளிக்கும்முன் இறக்கிய சாற்றை நீராவாகப் பருகுவது, வெல்லமாகக் காய்ச்சுவது. கோடரி முந்திக்கொண்டது என்பதே வருத்தம்.

1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தோடு கதை திரும்புகிறது. மரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. அதில் கட்டிய பானையை மறைக்க இயலாது. பேரீச்சம்பழமோ மளிகைக் கடையில் கிடைப்பது. நோன்பு திறக்கவும் சிவராத்திரி விரதத்துக்கும் வாங்குவது. அதைத் தடைசெய்ய எச்சட்டத்தாலும் முடியாது. பஸ்ராவிலிருந்தும் குவைத்திலிருந்தும் அறுவடைக்குப் பின் பாய்மரக் கப்பல்கள் பம்பாய்க்குப் பேரீச்சையைச் சுமந்து வருவது பழைய வழக்கம். அதில் நசுங்கியதும் கெட்டதும் மலிவாகக் கிடைத்தன. பம்பாய்ச் சேரிகளின் கள்ளச் சாராய ஊறல்களில் கறுப்பு வெல்லத்தோடும் அழுகிய பழங்களோடும் பேரீச்சையும் விழுந்தது. நொதிக்கு வேண்டிய தழைச்சத்து இவற்றில் போதாது. அதற்காகச் சேர்த்தது நவச்சாரம். காவல்துறை பேரீச்சையைப் பிடிக்க முடியாமல், ஈயம் பூசுவோருக்கு வேண்டிய அந்த உப்பைக் கண்காணிக்கத் தொடங்கியது. சரகரின் பழ ஆசவம் ஈராயிரம் ஆண்டு கழித்து இப்படி மறுபிறவி எடுத்தது. மரத்தை மூடிய சட்டம் பழத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது.

ராஜஸ்தானத்தில் கதை வேறு. சமஸ்தானங்களின் ஜாகீர்தார் குடும்பங்கள் ஆஷா என்ற நறுமண மதுவகைகளைத் தத்தம் மாளிகைகளில் வடித்துக்கொண்டன. குங்குமப்பூ, ஏலம், சோம்பு, உலர்ந்த பேரீச்சை என நீளும் சேர்மானங்களைப் பரம்பரை இரகசியமாகக் காத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் தனியார் வடிப்பு நின்றுபோனாலும், கேசர் கஸ்தூரி, ஜக்மோகன் என்ற பெயர்களில் அரசு நிறுவனமான கங்காநகர் சர்க்கரை ஆலையே அவற்றைப் புட்டியில் அடைத்துப் ‘பாரம்பரிய மது’ என்று விற்கிறது. மாளிகையின் ஊறல் பாரம்பரியம் ஆயிற்று. குடிசையின் ஊறல் குற்றப்பத்திரிகை ஆயிற்று. இரண்டிலும் பானைக்குள் நடந்த வேதியியல் ஒன்றே.

குற்றப்பத்திரிகையின் விலை சிறிதன்று. 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். 2022 ஜூலையில் குஜராத்தின் போட்டாத் பகுதியில் பலர் மடிந்தனர். போட்டாதில் அவர்கள் குடித்தது ஈந்திலோ பேரீந்திலோ இலுப்பையிலோ பிறந்ததன்று. தொழிற்சாலைக்கென இருந்த மெத்தனால்.

பீகாரில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. பனையிலும் ஈந்திலும் தாடி இறக்கி வாழ்ந்த பாசி சமூகத்தார் அதனால் முதலில் அடிபட்டார்கள். அரசு அவர்களுக்கு நீராத் திட்டத்தைக் காட்டியது. சுண்ணாம்பு தடவிய பானையில் இரவு இறக்கி, பொழுது விடிவதற்குள் குளிர்கலத்துக்குக் கொண்டுசேர்த்தால் அது உடல்நலத்துக்கு உகந்த பானம், விற்கலாம். குளிர்கலம் வரத் தாமதமானால், வெயில் ஏறினால், அதே பானையில் இருப்பது தாடி. காலை எட்டு மணிக்கு ஈச்சமரத்திலிருந்து பானையோடு இறங்கி வருபவர், தம் கையில் இருப்பது நீரா அல்லது தாடி என்பதைக் காவலர் முகர்ந்து பார்த்துச் சொல்லும்வரை காத்து நிற்க வேண்டும்.